ஏழு பீங்கான் தட்டும் ஒரு பொய்யும்

ஒரு பீங்கான் தட்டை என் கையில் கொடுங்கள். கவிழ்த்துப் பார்த்து, அது எந்தக் காலத்தில் பிறந்தது என்று சொல்லிவிடுவேன். வருஷம் நாலைந்து முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் என் மனைவி மனசில் என்ன இருக்கிறது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அங்கே யாரும் முத்திரை குத்தி வைக்கவில்லை.

என் பெயர் சுப்பையன். சொந்த ஊர் கோபி பக்கம். அமெரிக்காவில் இந்தப் பிஸ்கட்டவேக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டரை முறைத்துப் பார்ப்பது என் தொழில். சனிக்கிழமை எஸ்டேட் சேலுக்குப் போவது என் பைத்தியம். வயதானவர்கள் காலமான பிறகோ வீட்டைக் காலி பண்ணும்போதோ வாசல் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் விற்பார்கள். மற்றவர்கள் சோபாவுக்கும் டிவிக்கும் முட்டி மோதுவார்கள். நான் நேராகச் சமையலறைக்குப் போய்த் தட்டுகளைக் கவிழ்ப்பேன்.

அதிலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் இங்கிலாந்துப் பீங்கான் என்றால் எனக்கு உயிர். போர் முடிந்து ஏழு வருஷம் வரைக்கும் வெள்ளைக்காரன் தன் வீட்டில் வெறும் வெள்ளைத் தட்டில்தான் சாப்பிட்டான். பூப் போட்டதெல்லாம் ஏற்றுமதிக்குப் போய்விட்டது. அந்தத் தடை நீங்கினதும் அங்கே வரைகிறவர்களுக்கு வெறி பிடித்துவிட்டது. இலை, கோடு, புள்ளி, மீன் என்று கண்டதையெல்லாம் தட்டில் வரைந்து தள்ளினார்கள். அடியில் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று இருக்கும். வரைந்த பெண்ணின் இனிஷியல் சின்னதாக இருக்கும். சூளையில் முட்டுக் கொடுத்த இடத்தில் மூன்று தழும்பு இருக்கும். ‘டிஷ்வாஷரில் போடலாம்’ என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம். அது பிற்காலத்துச் சரக்கு.

இவ்வளவு தெரிந்தும் பன்னிரண்டு வருஷத்தில் நான் ஒரு தட்டுகூட வாங்கியதில்லை. கவிழ்ப்பேன், படிப்பேன், பெருமூச்சு விடுவேன், வைத்துவிட்டு வருவேன். காரணம் புஷ்பவல்லி.

புஷ்பவல்லி என் மனைவி. மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறாள். அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு மாத்திரைகூட அங்கிருந்து வெளியே போகாது. அவள் சம்மதிக்காமல் ஒரு கரண்டிகூட எங்கள் வீட்டுக்குள் வராது. அடுத்தவர் சாப்பிட்ட பாத்திரம் வாசற்படி தாண்டக்கூடாது என்பது அவள் சட்டம். யாரோ தின்ன தட்டு, அதில் மாட்டைத் தின்றார்களோ பன்றியைத் தின்றார்களோ என்பாள். நூறு தடவை கழுவலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஓட்டலில் சாப்பிடும்போது இந்த நியாயம் எங்கே போச்சு என்றும் கேட்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்கு ஓட்டல் சாப்பாடுதான் கிடைத்தது.

இந்த மார்ச் எட்டாம் தேதி, சனிக்கிழமை, பிரிட்ஜ்வாட்டரில் ஒரு வீட்டில் அவற்றைப் பார்த்தேன். ஆறு சின்னத் தட்டு, ஒரு பெரிய நீள்வட்டத் தட்டு. பால் வெள்ளையில் கறுப்புக் கோடாக ஒரு கொடி, நடுநடுவே மஞ்சள் இலை. கவிழ்த்தேன். ஐம்பத்தாறு அல்லது ஐம்பத்தேழு. ஏழு தட்டுக்கும் வரைந்தது ஒரே கை. ஒரு சில்லு உடையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தன்றுகூட எனக்குப் புகையால்தான் கண் கலங்கியது.

வாங்கிவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் ஒரு முடிவுக்கும் வந்துவிட்டேன். பழசு என்றால்தானே வாசற்படி தாண்டக்கூடாது? புதுசு என்று சொல்லிவிட்டால்?

காரேஜில் உட்கார்ந்து, கிளியரன்ஸ் தள்ளுபடியில் வாங்கிப் போட்டிருந்த சாமான்களிலிருந்து மஞ்சள் ஸ்டிக்கர்களைப் பதமாக உரித்தேன். ஏழு தட்டின் அடியிலும், சரியாக முத்திரைக்கு மேலே ஒட்டினேன். உலகத்தில் எல்லோரும் பழசு என்று பொய் சொல்லிப் புதுசை விற்பார்கள். பழசைப் புதுசு என்று பொய் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

“ஏனுங்க, என்னது இது?”

“தட்டு. கிளியரன்ஸ்ல போட்டிருந்தான்.”

“புதுசுங்களா?”

“பின்ன? பழசை வாங்கிட்டு நான் இந்த வீட்டுக்குள்ள வர முடியுமா?”

ஒரு தட்டை எடுத்தாள். கவிழ்த்தாள். ஸ்டிக்கரைப் பார்த்தாள். நிமிர்த்தி வைத்துவிட்டு, நல்லாத்தான் இருக்குது என்றாள். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தில் நான் ஜெயித்த முதல் ஆட்டம் அது. அன்றைக்கு மாலை முழுவதும் விசிலடித்துக்கொண்டே புல் வெட்டும் மெஷினைத் துடைத்தேன். வெளியே இன்னும் பனி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஷோகேஸில் அடுக்கப் போனேன். அவள் தடுத்தாள். புதுத் தட்டை எதற்குப் பூட்டி வைக்கோணும், புழங்கறதுக்குத்தானே வாங்கினது என்றாள். புதுசு என்று சொன்னவன் நான். ஷோகேஸ் கதவைச் சாத்தினேன். திங்கட்கிழமை ராத்திரி என் ஐம்பத்தேழாம் வருஷத்துத் தட்டில் கொதிக்கக் கொதிக்கப் புளிக்குழம்பு ஊற்றினாள். அந்தப் பளபளப்புக்கு அடியில் மயிரிழை மாதிரி விரிசல் இருக்கும். அதற்குள் மஞ்சள் இறங்கினால் ஏழு ஜென்மத்துக்கும் போகாது. குழம்பு ஊறுவதற்குள் தின்றாக வேண்டுமே என்று நான் விழுங்கிய வேகத்தில் நாக்கு வெந்துபோனது. அவ்வளவு பிடிச்சிருக்குதா என்று கேட்டு இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவள் மட்டும் வழக்கம்போல எவர்சில்வர் தட்டில் நிதானமாகச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்து, தட்டுகளை அள்ளிக்கொண்டு டிஷ்வாஷர் கைப்பிடியில் கை வைத்தாள்.

அந்த மெஷினின் சூடும், அந்தப் பவுடரின் காரமும் பட்டால், கையால் வரைந்த கொடி ஒரே மாசத்தில் வெளிறிப்போகும். ஸ்டிக்கரோ அந்தக் கொதிதண்ணியில் உடனே கழன்றுவிடும். பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன்.

“இரு, இரு. நான் கையில கழுவறேன்.”

“நீங்களா?”

“கரண்ட் மிச்சம். தண்ணி மிச்சம்.”

“தட்டு மட்டுங்களா? குக்கரு, கடாயெல்லாம்?”

தட்டை மட்டும் கழுவினால் சந்தேகம் வரும். எல்லாவற்றையும் நானே கழுவறேன் என்றேன். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டாள். தினமும் என்று என் வாய் சொன்னது. அவள் கைப்பிடியை விட்டுவிட்டு, அதன் மேல் ஒரு துண்டை மடித்துத் தொங்கவிட்டாள். அது மார்ச் பத்தாம் தேதி. மறக்க முடியாத நாள்.

அதற்குப் பிறகு நான் பட்டது பகவானுக்குத்தான் தெரியும். காலையில் இட்லித் தட்டு, மத்தியானம் டிபன் பாக்ஸ், ராத்திரி அடிப்பிடித்த பால் பாத்திரம். மீட்டிங்கில் மியூட் போட்டுவிட்டுக் கழுவினேன். மியூட் போட மறந்த ஒரு நாள் என் மேனேஜர், உன் ஊரில் மழையா என்று விசாரித்தார். பத்தாவது படிக்கும் என் மகள் வெண்பா சிங்குக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “அப்பா, ஆர் யூ ஓகே?” என்று கேட்டாள். ஸ்ட்ரெஸ் குறைய டாக்டர் சொன்னார் என்றேன். என் விரல்கள் ஊற வைத்த கொண்டைக்கடலை மாதிரி ஆகிவிட்டன. ஆனால் ஏழு தட்டும் முழுசாக இருந்தன. தினமும் துடைக்கும்போது அந்த மஞ்சள் இலைகளைத் தடவிப் பார்ப்பேன். பட்ட பாடெல்லாம் அந்த நிமிஷத்தில் மறந்துபோகும்.

மே மாசம் தமிழ்ச் சங்கப் பிக்னிக் வந்தது. ஆளுக்கு ஒரு அயிட்டம். புஷ்பாவுக்கு எலுமிச்சை சாதம். பெரிய தட்டில்தான் கொண்டுபோவேன் என்றாள். சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த நிமிஷம் பேர் வெட்டும் மெஷினோடு வந்து நின்றாள். ஊரில் கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் ‘பு.வ.’ என்று வெட்டுவதற்கு வாங்கி, விமானத்தில் பத்திரமாகக் கொண்டுவந்த மெஷின் அது.

“கவுத்துப் புடிங்க. பேர் வெட்டிர்றேன்.”

“எதுக்கு?”

“பத்து வீட்டுப் பாத்திரம் வருது. மாறிப் போயிருச்சுன்னா?”

“மாறாது. நானே தூக்கிட்டுப் போறேன். நானே பக்கத்துல நிக்கறேன். நானே கொண்டுட்டு வர்றேன்.”

“சாதம் முடியற வரைக்குமா?”

“சாதம் முடியற வரைக்கும்.”

மெஷினை அணைத்தாள். தட்டின் மேல் அலுமினியம் ஃபாயிலை இரண்டு மடிப்பாக விரித்துச் சாதத்தைக் கொட்டினாள். எலுமிச்சையும் மஞ்சளும் தட்டில் படக்கூடாதென்று இவளுக்குத்தான் எவ்வளவு கரிசனம் என்று நான் நெகிழ்ந்துபோனேன். பிக்னிக்கில் மூன்று மணி நேரம் மேஜைப் பக்கத்தில் மரக்கரண்டியோடு வெயிலில் நின்றேன். என் நண்பர் சேனாபதி எவர்சில்வர் கரண்டியால் சுரண்ட வந்தபோது கையைத் தட்டிவிட்டேன். புஷ்பா வேப்ப மர நிழல் கிடைக்காத குறைக்கு ஒரு மேப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து, சிநேகிதிகளிடம் என்னைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். எல்லாப் பெண்களும் தங்கள் கணவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூன் மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் நான் உடைந்தேன். தட்டு உடைய வேண்டியது. அதற்குப் பதிலாக நான் உடைந்தேன் என்பதுதான் சரி.

மாடியிலிருந்து இறங்கி வந்தேன். சமையலறை மேஜையில் ஏழு தட்டும் ஒரு பழைய போர்வை மேல் வரிசையாக இருந்தன. வெண்பா கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையில் சுத்தியலோடு நின்றாள். பள்ளிக்கூடத்தில் மொசைக் செய்ய வேண்டுமாம். உடைந்த பீங்கான் சில்லு வேண்டுமாம்.

“அம்மா செட் திஸ் இஸ் கிளியரன்ஸ் ஸ்டஃப். ஷீ செட் ஓகே.”

சுத்தியல் மேலே போனது. நான் போர்வை மேல் குப்புற விழுந்தேன். ஏழு தட்டையும் நெஞ்சால் மூடிக்கொண்டேன்.

“உடைக்காதே கண்ணு. அது கிளியரன்ஸ் இல்ல. புதுசு இல்ல. எழுபது வருஷத்துத் தட்டு. உங்கம்மாகிட்ட நான் பொய் சொல்லிட்டேன்.”

புஷ்பா அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றி முடித்தாள். என் பக்கத்தில் டம்ளரை வைத்தாள்.

“தெரியுமுங்க.”

“எப்படி?”

“போன வாரம் பெரிய தட்டைக் கவுத்துப் பார்த்தேன். ஒரு ஸ்டிக்கரு பாக்கி இருந்துச்சு. ‘பாத்ரூம் மிதியடி’ன்னு போட்டிருக்குது.”

உலகத்திலுள்ள தட்டுக்கெல்லாம் அடியில் எழுதியிருப்பதைப் படிக்கிறவன் நான். நான் ஒட்டினதை நான் படிக்கவில்லை.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நிம்மதியாகவும் இருந்தது. மூன்று மாசம் அவளை ஏமாற்றியிருக்கிறேன். போன வாரம்தான் கண்டுபிடித்திருக்கிறாள். தரக்கட்டுப்பாட்டுக்காரியிடம் மூன்று மாசம் என்றால் அது சாதனை. அவளும் கோபப்படவில்லை. உங்களுக்கு உசுருன்னா ஷோகேஸ்ல வைங்க, பார்த்துக்கிட்டே இருங்க, அதுல சோறு மட்டும் வேண்டாம் என்றாள். வெண்பா சுத்தியலை வைத்துவிட்டு, “யூ கைஸ் ஆர் வியர்ட்” என்று மாடிக்குப் போனாள்.

ஏழு தட்டையும் ஷோகேஸில் அடுக்கினேன். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கொடி அப்படியே கண்ணாடியில் படர்ந்தது. இனி எவர்சில்வரும் குக்கரும்தான் பாக்கி. அவற்றுக்கு என் கை எதற்கு? மூன்று மாசத்து அடிமைத்தனம் முடிந்தது என்று சமையலறைக்குத் திரும்பினேன். சிங்கில் இருந்த இட்லித் தட்டுகளை அள்ளி, கைப்பிடித் துண்டை விலக்கி, டிஷ்வாஷரைத் திறந்தேன்.

கீழ் அடுக்கில் ஊரிலிருந்து வந்த ஒரு வருஷத்து மிளகாய், மல்லி, கொப்பரை. மேல் அடுக்கில் மஞ்சள் தூள், தட்டைப்பயறு, அப்பளக் கட்டு. ஒவ்வொரு டப்பாவிலும், அவள் கம்பெனிப் பழக்கப்படி, ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. எந்தப் பொருள், எப்போது வந்தது, எப்போது இந்த இடத்துக்கு மாற்றப்பட்டது என்று அழகான கையெழுத்து.

தேதி பார்ப்பதில்தான் நான் நிபுணன் ஆயிற்றே. மஞ்சள் டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்.

டிஷ்வாஷருக்கு மாற்றியது: மார்ச் எட்டு, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி.