கடல் தெரியும் வீடு

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்பதில் எப்போதும் தடுமாற்றம். தையலில் அந்தத் தொந்தரவு இல்லை. தப்பாகத் தைத்தால் பிரித்துவிடலாம். சொன்னதைப் பிரிக்க முடியாதே.

என் வீட்டுக்காரர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு நாள் முழுக்கக் கடுகளவு சக்கரங்களைப் பார்ப்பவர், ஒரு சாயங்காலம் பெரிய மனிதராகத் திரும்பி வந்தார். ஏதோ ஹோட்டலில் கூட்டமாம். கையில் வழவழப்பான படப் புத்தகம். சட்டைப் பையில் இலவசப் பேனா.

"வெளிநாட்டுல வீடு வாங்கப் போறோம்."

"இந்த வீடே ஒழுகுதே?"

"ஒழுகற வீட்டை வச்சுத்தான் ஒழுகாத வீடு வாங்கப் போறோம். கேளு. நம்ம வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வைக்கிறோம். பேங்க் கடன் கொடுக்குது. கடன் வீட்டை வாங்குது. வீடு வாடகை கொடுக்குது. வாடகை கடனைக் கட்டுது. நாம சும்மா உட்கார்ந்திருக்கோம்."

விரல் விட்டு எண்ணினேன். எல்லாரும் வேலை செய்கிறார்கள், நாங்கள் மட்டும் சும்மா. எங்கேயோ இடிக்கிறதே என்று மறுபடி எண்ணினேன். ஒரு விரல் அதிகமாக வந்தது.

"வாடகைக்கு ஆள் வரலைன்னா?"

"அதைப் பார்த்துக்க அங்கே ஒரு ஆள் இருக்கான்."

"அந்த ஆளை யார் பார்த்துக்குவா?"

"உனக்கு எதையுமே நல்லபடியா நினைக்கத் தெரியாதா?"

தெரியாதுதான். வெயில் அடித்தாலே குடையைத் தேடுகிறவள் நான். ஆனால் மறைக்கக் கூடாது, ஜன்னல் வழியாகக் கடல் தெரிகிற படத்தைப் பார்த்ததும் எனக்கும் கொஞ்சம் சபலம் தட்டியது. அந்த ஜன்னலுக்கு நீலத்தில் திரை தைத்தால் எப்படி இருக்கும்?

திரைக்கு அளவு வேண்டுமே. புத்தகத்தில் வீட்டின் வரைபடம் இருந்தது. காகிதத்தில் பார்த்தால் எனக்கு எந்த அளவும் ஏறாது. தரையில் விரித்தால்தான் புரியும். மறுநாள் காலை துணியில் கோடு போடும் சாக்கட்டியையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு, கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் வீட்டை முழு அளவில் வரைந்தேன். சாக்கட்டி பாதிகூடத் தேயவில்லை. வீடு முடிந்துவிட்டது.

மீதி எங்கே என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மாடிவீட்டு லிஃப்ட் மெக்கானிக் வந்தார்.

"என்னக்கா இது?"

"வெளிநாட்டு வீடு, தம்பி."

சுற்றி வந்து பார்த்தார். "எத்தனை பேர் ஏறலாம்?"

வீட்டுக்காரரைக் கீழே கூப்பிட்டேன். கழிப்பறைக் கட்டத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். முழங்கால் சமையலறையில் இருந்தது.

"என்னங்க, அடுப்புல கால் படுதே?"

அவர் யோசித்தார். "வீடு சின்னதுதான். ஆனா கடல் எவ்வளவு பெரிசு பாரு!"

கடல் பெரிசுதான்.

ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் போட்ட கம்பெனியிலிருந்து கழுத்தில் டை கட்டிய ஒருவர் வந்தார். பெயர் சொன்னார், எனக்குத் தங்கவில்லை. டை மட்டும் தங்கியது. கீழே எங்கள் வெளிநாட்டுப் படுக்கையறையை மிதித்துக்கொண்டுதான் ஏறி வந்தார். இந்த வீடு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால், வெள்ளிக்கிழமைக்குள் என் கையெழுத்தும் வீட்டுப் பத்திரமும் வேண்டும் என்றார். வாடகை வராவிட்டால் இந்த வீடு என்ன ஆகும் என்று கேட்டேன். "வரும்மா, வரும்" என்றார். என் கேள்வி அது இல்லை.

பிறகு புத்தகத்தைத் திறந்து, கட்டடத்தின் வெளிப்புறப் படத்தில் ஒரு ஜன்னலைக் காட்டினார். "இதுதான் உங்க வீடு."

ஜன்னலுக்கு வெளியே கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"துணி யாரோடது?"

"எந்தத் துணி?"

வீட்டுக்காரரின் பூதக்கண்ணாடியை வாங்கிக் கண்ணில் செருகினேன். குழந்தையின் பள்ளிக்கூடக் கவுன். விளிம்பை இரண்டு தடவை பிரித்து இறக்கியிருக்கிறார்கள். பழைய மடிப்புகள் இரண்டும் வெளுத்த கோடாகத் தெரிந்தன. ஒரு வருஷ வளர்த்திக்கு ஒரு கோடு. அந்தக் குழந்தை அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் வளர்ந்திருக்கிறது.

"அதுவா? பழைய குடித்தனம்மா. நீங்க வாங்கினதும் வாடகையை ரெண்டு மடங்காக்கிடுவோம். தானா கிளம்பிடுவாங்க."

"எங்கே?"

"எங்கேன்னா?"

"எங்கே கிளம்புவாங்க?"

டையைச் சரிசெய்தார். "அது அந்த நாட்டுப் பிரச்சினைம்மா."

வீட்டுக்காரரும் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "துணி நல்ல துணியா இருக்கு. வசதியானவங்கதான்."

"வசதியானவங்க எதுக்குங்க ரெண்டு தடவை விளிம்பை இறக்கறாங்க?"

டைக்காரர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அதற்கப்புறம் எனக்கு ஒரே குழப்பம். நாங்கள் வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கத்தான் போகிறார்கள். அப்போது அது என் பாவமா, அவர்கள் பாவமா? இல்லை, பாவமே இல்லையா? இந்த நேரத்தில் எந்த ஊரிலோ யாராவது ஒரு புத்தகத்தில் என் ஜன்னலைப் பார்த்து, "துணி யாரோடது?" என்று கேட்டுக்கொண்டிருந்தால்? ஓடிப்போய்க் கொடியிலிருந்த துணியெல்லாம் எடுத்துவிட்டேன். பாதி ஈரம்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷத்தில் அவர் இரண்டாம் தடவை கேட்டு நான் மறுத்ததே இல்லை. எங்கள் வீட்டு மீன் தொட்டி அப்படி வந்ததுதான். மீன் போய்விட்டது, தொட்டி இருக்கிறது. அவரைவிட எனக்கு என்மேல்தான் பயம். அதனால் அவர் கடைக்குப் போயிருந்தபோது பத்திரத்தை எடுத்து ஒளித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது.

"பத்திரம் எங்கே?"

"எங்கேயாவது பத்திரமாத்தான் இருக்கும்."

பீரோவைக் கவிழ்த்தார். கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தார். என் தையல் மிஷின் டிராயரைக் கொட்டினார். மீன் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். டைக்காரர் மூன்று தடவை போன் செய்தார். நாலாம் தடவை, வீடு வேறு ஒருவருக்குப் போய்விட்டது என்று சொல்லத்தான் செய்தார்.

"கடலே போச்சு!" என்று வீட்டுக்காரர் தலையணையில் சாய்ந்தார். சாய்ந்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "என்னடி இது, ரெண்டு நாளா தலையணை கல்லு மாதிரி இருக்கே?"

"பஞ்சு இறுகியிருக்கும்ங்க."

பஞ்சு இறுகவில்லை. நடுவில் பத்திரம். இரட்டைத் தையல். அன்றிலிருந்து ஒரு வாரமாக அதன்மேல் தலையை வைத்துக்கொண்டுதான் "எங்கேதான் போயிருக்கும்?" என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வேறு ஒருவர் என்றாரே, அவர் யாரோ. அந்தக் கவுனின் விளிம்பை மூன்றாம் தடவை எந்த வீட்டில் இறக்குவார்களோ. கவுன் தெரிகிற அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து என் ஊசிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை.

நேற்று டைக்காரர் புதுப் புத்தகத்தோடு வந்து போனார். இந்தத் தடவை மலை தெரிகிறதாம். பத்திரத்தை மறுபடி தேடப் போவதாக வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டிருக்கிறார்.

பாருங்கள், பயந்தபடியே ஆயிற்று. சொல்லக் கூடாத இடத்தைச் சொல்லிவிட்டேன். இதை அவரும் படிப்பார். படித்ததும் கத்திரிக்கோலோடு தலையணைக்குத்தான் போவார்.

போகட்டும். இதுவரை எழுதிய கையோடு எழுந்துபோய்த் தலையணையைப் பிரித்து, பத்திரத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, உள்ளே அந்தப் பழைய படப் புத்தகத்தை வைத்து அதே இரட்டைத் தையல் போட்டுவிட்டேன். பிரித்தால் கடல் தெரியும்.