பைத்தானும் பாதையில் நின்ற யானையும்

எந்த நிரல் மொழியில் எழுதலாம் என்று கேட்டால், அலசி ஆராய்ந்துதான் முடிவெடுத்தேன் என்று எல்லோரும் சொல்வார்கள். சும்மா. தனக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டு, அப்புறம் காரணம் தேடுவதுதான் வழக்கம். நான் பைத்தானை எடுத்ததும் அப்படித்தான்.

பெங்களூரு வேலையை விட்டுவிட்டு நானும் மனைவி செல்வியும் மூணாறுக்குத் திரும்பியிருந்த நேரம். ஒரு ரிசார்ட் முதலாளி எங்களிடம் ஒரு வேலை சொன்னார். மூணாறில் ஒருவரும் குமுளியில் ஒருவரும் கண்ணில் வி.ஆர். கருவியை மாட்டிக்கொண்டு, கணினியில் உருவாக்கிய ஒரே தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்து நடக்க வேண்டும். இது அமைந்தால் ஊரிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மறுபடியும் பெங்களூரு பஸ்தான்.

"ஏங்க, சர்வருக்கு எர்லாங் மொழிய எடுப்போம். உள்ள வர்ற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி வேலையாள் மாதிரி ஓடும். ஒண்ணு சிக்கினாலும் மத்தது நிக்காது" என்றாள் செல்வி.

"பைத்தான்ல ஒரே ஆளு எல்லாத்தையும் பாத்துக்குவான்" என்றேன். (அந்த ஒரே ஆளும் என்னை மாதிரி, ஒன்றில் சிக்கினால் மற்றதை விட்டுவிடுவான் என்பது அப்போது தெரியாது.)

சோதனை நாளில் மூணாறு ரிசார்ட் ஹாலில் கருவியை மாட்டிக்கொண்டவர் என் மாமனார், தேயிலை ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றவர். குமுளிக் கிளையில் முதலாளி. அழகுக்காக ஒரு யானை பாதையைக் கடந்து போகும்படி வைத்திருந்தேன். குமுளியில் அது ஒழுங்காகக் கடந்து போனது. இங்கே மாமனார் எதிரே வந்ததும் சர்வர் திணறி, யானை அப்படியே நின்றுவிட்டது.

"ஆனை! ஆனை! யாரும் வெளிய வராதீங்க!" என்று அலறினார் மாமனார்.

எங்கள் பக்கம் அந்தச் சத்தத்துக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. பக்கத்துத் தொழிலாளர் லயத்து வீடுகளில் கதவுகளைச் சாத்தினார்கள். டீக்கடை ஷட்டர் இறங்கியது. வளைவில் பஸ் நின்றது. எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பறந்து, வனத்துறை ஜீப்பே வந்துவிட்டது.

போன் ஸ்பீக்கரில் முதலாளி குழம்பினார். "ஆனை அப்பவே போயிருச்சே? இங்க வெறும் தேயிலைதான் தெரியுது."

"இல்லய்யா, என் மூஞ்சிக்கு நேரா நிக்குது!" என்றார் மாமனார், சோபாவுக்குப் பின்னாலிருந்து.

ஜீப்பில் வந்தவர்களிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். வெட்கத்தில் காது சுட்டது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். முதலாளியோ சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னார்: "ஆனைக்கு நடுவுலயே வளர்ந்த மனுசனை ஒளிய வச்சுட்டீங்களே! ரெண்டு பக்கமும் ஒண்ணா நடக்குற மாதிரி செஞ்சுட்டு அடுத்த மாசம் காட்டுங்க."

செல்வி எர்லாங்கில் எழுதினாள். நான் அவளிடம் பாடம் கேட்டேன். வேலை எங்களுக்கே கிடைத்தது, ஊரிலேயே இருக்கிறோம், அந்தச் சந்தோஷம் இன்னும் குறையவில்லை. நானும் செல்வியும் எதற்காவது மல்லுக்கட்டினால் மட்டும், மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இன்றும் கேட்கிறார்:

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள, உங்க பக்கம் ஆனை நிக்குதா, போயிருச்சா?"