உள்ளறையில் ஷெரின், ஜன்னலில் நான்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் ஜெரோம் அவர்களுக்கு,

ஆவூரிலிருந்து பங்கிராஸ் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உங்கள் தங்கை அருளம்மாளும் ஆடு மாடுகளும் சுகம். சென்னையில் நீங்களும் அவ்வண்ணமே இருக்க மன்றாடுகிறேன். போனில் பேசினால் ஷெரின் காதில் விழும் என்பதால் கடிதம்.

உங்கள் மருமகள் ஷெரினுக்கு அடுத்த வாரம் ஒரு கம்பெனியின் இன்டர்வியூ. லேப்டாப்பிலேயே முகம் பார்த்துப் பேசுவார்களாம். இதுவும் கைநழுவினால் இனி எந்த இன்டர்வியூவுக்கும் போகமாட்டாளாம், கறம்பக்குடி ஜவுளிக்கடையில் பில் போடப் போகிறாளாம். பி.காம். முதல் வகுப்பில் தேறிய பிள்ளை. விடுவேனா? கோயில் உபதேசியாராக இருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஞானோபதேசக் கேள்வி பதிலை ராகம் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தவன், பெற்ற பெண்ணுக்கு இதைச் செய்யமாட்டேனா என்று இறங்கிவிட்டேன். சிக்கல் என்னவென்றால், கேள்வியை நான் ராகமாக எடுத்ததும் ஷெரின் வாய் திறக்குமுன் அருளம்மாள் அடுப்படியிலிருந்து பதில் சொல்லிவிடுகிறாள். அஞ்சு வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்றால், ஆண்டவர் சித்தம் என்கிறாள். அதற்கு எந்தக் கம்பெனி சம்பளம் கொடுக்கும், நீங்களே சொல்லுங்கள்.

போன தடவை திருச்சியில் நடந்ததும் உங்களுக்குத் தெரியாது. "உங்க குறை என்ன?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள். குறையைக் கேட்டால் ஒளிக்கக் கூடாது என்பது நான் வளர்த்த வளர்ப்பு. இவள் கைகூப்பி, காலையில் எழச் சோம்பல், அம்மாவிடம் எதிர்ப்பேச்சு, பூசை நேரத்தில் போன் பார்த்தது என்று சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் மாதிரியே வரிசையாகச் சொல்லி, நினைவுக்கு வராத மற்றக் குறைகளுக்காகவும் மனஸ்தாபப்படுகிறேன் என்று முடித்திருக்கிறாள். அந்த அம்மா மன்னிப்பதா வேண்டாமா என்று விளங்காமல், சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஆனாலும் நான் அசரவில்லை. இப்போதுகூட அவள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு காதில் ஹெட்போனை மாட்டி லேப்டாப் முன்னால் தனியாகப் பேசிப் பழகுகிறாள். நான் வெளியே அந்த அறை ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதியபடியே, அவள் திணறும் இடத்தில் விடை எடுத்துக் கொடுக்கிறேன். சற்றுமுன் கூட "நிமிந்து உக்காந்து சத்தமாச் சொல்லுத்தா" என்று ஒரு அதட்டல் போட்டேன். அருளம்மாளும் அங்கிட்டிருந்து ஒரு பதில் சொன்னாள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஞாயிறு பூசை முடிந்ததும் குரலை மாற்றி ஆபீசர் மாதிரி அவளுக்குப் போன் போட்டு, ஈவு இரக்கமில்லாமல் கேள்வி கேளுங்கள். தாய்மாமன் கடமை இது.

வீட்டில் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
விடாப்பிடியான உங்கள் மச்சான்,
ம. பங்கிராஸ்

பின்குறிப்பு: போன் போட வேண்டாம். இன்டர்வியூவை இன்றைக்கே என்று மாற்றிவிட்டார்களாம். எனக்குச் சொன்னால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவேன் என்று மறைத்திருக்கிறாள். உள்ளறையில் நடந்ததுதான் அது. வெளியே யார் சத்தம் என்று ஆபீசர் கேட்டாராம். "எங்க அப்பாங்க. என் குறை என்னன்னு கேட்டீங்கள்ல, அவருதாங்க" என்றிருக்கிறாள். சிரித்துச் சிரித்து, ஒண்ணாம் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். எனக்கு வருத்தமே இல்லை மச்சான், கண்தான் கலங்குகிறது. ஒளிக்காமல் சொன்னாள் பாருங்கள், அது நான் சொல்லிக் கொடுத்தது.