ஏரிமேட்டுக்கு வந்த இரண்டு மணி பஸ்

அன்பு மகள் நர்மதாவுக்கு,

ஏரிமேட்டிலிருந்து அப்பா குப்புராஜ் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். வலது முழங்கால் மட்டும் இதை ஒப்புக்கொள்ளாது. மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாக இருக்கட்டும். போனில் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். இரண்டு வருஷமாகக் கூப்பிடுகிறாயே, வேப்பம்பட்டுக்கே வந்துவிடத் தீர்மானித்துவிட்டேன். காரணம் ஒரு பஸ்.

போன மாதம் மோனிகா என்றொரு பெண், நம் ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஜனம், யார் எதில் ஏறி எங்கே போகிறார்கள் என்று கணக்கெடுக்க வந்தாள். சுற்றிக் காட்ட ஆள் வேண்டும் என்றாள். அந்த நேரத்தில் தெருவில் இருந்தது நானும் சுப்பராயன் வீட்டு ஆடும்தான். முதல் வீடு பூட்டு. யாரும் இல்லை என்றேன். ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்தாள். இரண்டாவதும் பூட்டு, இன்னொரு கோடு. இப்படியே போனால் பத்து நிமிஷத்தில் ஊர் முடிந்துவிடும், அவளும் போய்விடுவாள். மூன்றாவது பூட்டைப் பார்த்ததும், ஐந்து பேர், வேலையாகப் பொன்னேரிக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதினாள். கால் மணி நேரம் ஆயிற்று. அப்புறம் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. சென்னையில் வீடு வாங்கியவர்கள், துபாய் போனவர்கள், செத்தே போன இரண்டு பேர், எல்லாரையும் தினமும் பஸ்ஸில் பொன்னேரிக்குப் போய்வர வைத்தேன். நீங்கள் நாலு பேரும் அதில் உண்டு. சாயங்காலம்வரை இருந்தாள். அம்மா போன பிறகு நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

இவ்வளவு ஜனத்துக்கு, காலையில் போய் ராத்திரி திரும்பும் ஒரே பஸ்ஸா என்று யாரோ இரக்கப்பட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு இன்னொன்று விட்டார்கள். மாலை போட்டு வந்தது. ஏறியது நான் ஒருவன். கண்டக்டர் அன்புசெல்வன் மீதிப் பேர் எங்கே என்று கேட்டான். சாப்பிட்டுத் தூங்குகிறார்கள் என்றேன். மறுநாளும் நானே ஏறினேன். பொன்னேரியில் டீ குடித்தேன், அதே பஸ்ஸில் திரும்பினேன். பதினோராவது நாள் அவன் குரலைத் தாழ்த்தி, “பெர்சு, ஆளே ஏறலன்னு மேல பேஜார் பண்றாங்கோ. இதோட காலை பஸ்ஸையும் நிறுத்திடுவாங்க போலகீது” என்றான்.

நம் நிலத்தில் நாற்று நட்ட ரோசம்மாளின் மகள் விக்டோரியாவும் இன்னும் பதினான்கு பெண்களும் அந்தக் காலை பஸ்ஸில்தான் புதுவாயலுக்குப் போய்க் கம்பெனி வேனைப் பிடிக்கிறார்கள். அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவுக்குள் நான் கால் வைத்ததில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும், அதற்காகவே என்னோடு சண்டை போட்டவள் நீ. விக்டோரியா நாற்காலி போட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“பேச ஆளில்லன்னா இங்க வந்து உக்காந்துக்கினு இருக்கலாமே. அதுக்குப் போயி ஒரு பஸ்ஸ வரவச்சீங்களா?”

மறுநாள் இரண்டு பேருமாகப் பொன்னேரி பஸ் டிப்போவுக்குப் போனோம். நான் உண்மையைச் சொன்னேன். அவள் காலை பஸ்ஸில் ஏறுகிறவர்களின் கையெழுத்தைக் கொடுத்தாள். ஆபீசர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மத்தியான பஸ்ஸை மட்டும் நிறுத்தினார். ஊரில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டக்கூட ஆள் வேண்டுமே. இன்னமும் இரண்டு மணி ஆனால் கால் தானாக நிறுத்தத்துக்குப் போகிறது. நின்றுவிட்டுத் திரும்புகிறேன். ஏரிமேட்டு ஜனத்தொகையில் ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைக் காரோடு அனுப்பு.

குழந்தைகளுக்குப் படிப்பும் உனக்குப் பொறுமையும் குறையாதிருக்க வாழ்த்தும்,
அப்பா
குப்புராஜ்

பின்குறிப்பு: கார் வேண்டாம். இதைத் தபாலில் போடச் சொல்லிக் காலையில் விக்டோரியாவிடம் கொடுத்தேன். ஊரை விட்டுப் போவதையும் சொன்னேன். “நைட்டு ஏழரைக்கு பஸ்ஸ உட்டு எறங்கி வரசொல்ல அந்த வழில எரியறது உங்க ஊட்டு லைட்டு ஒண்ணுதான். நீங்க போய்ட்டா பதினஞ்சு பேரும் இருட்டுலதான் வரணும்” என்றாள். கடிதத்தைத் திரும்ப வாங்கி இதை எழுதுகிறேன். நீங்கள் சும்மா பார்த்துவிட்டுப் போக வாருங்கள். வரும்போது பெரிய பல்பாக ஒன்று வாங்கி வா.