பூப்பையின் கொள்ளளவு

மனிதகுலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. அதன்பிறகு நெடுங்காலம் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் சங்கரன்கோவிலில், பூ வியாபாரி துரைப்பாண்டியின் மனைவி ராஜகுமாரி, நுனியில் கொக்கி வைத்த குரோஷா ஊசியும் மஞ்சளிலும் பழுப்பிலும் உல்லன் நூலும் வாங்கிவந்து, யூடியூபைப் பார்த்துப் பூ வடிவத்தில் ஒரு கைப்பை பின்னத் தொடங்கினாள்.

ஆறு இதழ்கள், நடுவில் பழுப்பு வட்டம். பையின் தலையாய சிறப்பு, அதில் எதுவும் கொள்ளாது என்பதுதான். ஒரு கைக்குட்டையை நன்றாக மடித்தால் போகும். வேண்டுமென்றேதான் அப்படிப் பின்னினாள். திருமணமான இருபத்திரண்டு ஆண்டுகளாக எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவள் தோளில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று தொங்கும். அதில் கணவரின் மூக்குக்கண்ணாடி, பிரஷர் மாத்திரை, வண்டிச் சாவி, மகளின் சார்ஜர், எல்லோருக்குமான தண்ணீர் பாட்டில். குடும்பத்தின் 'நடமாடும் அலமாரி' என்னும் உயர்ந்த பொறுப்பு அது. ஓய்வு பெறும் வயது அதற்கு இன்னும் நிர்ணயிக்கப்படவில்லை.

புதுப் பையில் தனக்கென்று எதை வைப்பது என்று இரண்டு சாயங்காலம் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாதது வருத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. காலியாகவே கொண்டுபோனால் என்ன? வருகிற ஞாயிற்றுக்கிழமை பூ வியாபாரிகள் சங்கத்தின் குடும்ப விழா. அதற்கு ஒன்றுமே இல்லாத ஒரு பையோடு போவது. நினைத்தபோதே தோள் லேசானது.

துரைப்பாண்டி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏட்டி, இது என்ன பூ?"

"பூதான்."

"பூன்னா? கேந்தியா, செவ்வந்தியா? முப்பது வருசமா மார்க்கெட்டுல இருக்கேன். இப்படி ஒரு பூ வந்து எறங்கலையே."

"நூல்ல பின்னினதுங்க."

"அப்போ வாடாதா?"

"வாடாது."

அவர் முகம் வாடியது. வாடாத பூ என்பது பூ வியாபாரிக்குச் சாதாரணச் செய்தியல்ல. உடனே சங்கத் தலைவர் ஞானதுரையிடம் தகவல் போனது. மறுநாள் காலை பத்தரை மணிக்கு, டீ, வடை சகிதம் அவசரக் கூட்டம் கூடியது.

"எல்லாப் பொம்பளையாளும் வாடாத பூவப் பின்ன ஆரம்பிச்சிட்டா, நாம விடியுமுன்ன எந்திரிச்சு என்னத்தவே விக்கது?" என்றார் ஞானதுரை.

"அண்ணாச்சி, அது பை" என்றார் துரைப்பாண்டி.

"பை எதுக்கு வே பூ மாதிரி இருக்கு?"

"அதான் பேஷன்னு எம் மவ சொல்லுதா."

நாற்பது நிமிட விவாதத்துக்குப் பிறகு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: 'மேற்படி பொருளைத் தலையில் சூட இயலாது என்பதால் அது பூ ஆகாது. சங்கக் குடும்பத்துப் பெண்மணி செய்தது என்பதால் அது சங்கத்தின் பெருமை ஆகும். எனவே விழா மேடையில் பாராட்டப்படும்.'

ராஜகுமாரிக்கு மேடையில் விருப்பமில்லை. பையோடு மண்டபத்துக்குள் நடந்துபோனால் போதும் என்றிருந்தாள். ஆனால் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

சனிக்கிழமை காலை துரைப்பாண்டி மார்க்கெட்டிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு வீடு திரும்பினார். மேசையில் மஞ்சளாக ஒரு பூ. முப்பது வருடப் பழக்கமுள்ள கை மூளையிடம் அனுமதி கேட்பதில்லை. செம்பை எடுத்து, சளக் சளக்கென்று நன்றாகத் தண்ணீர் தெளித்தது. ஈரச் சாக்கைப் போட்டு மூடியது. பிறகு கைக்கு உரியவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

மதியம் ராஜகுமாரி சாக்கை விலக்கினாள். ஆறு இதழும் தொங்கிக் கிடந்தன. தண்ணீர் தெளித்ததால் வாடிய உலகின் முதல் பூ அதுதான்.

"என்னங்க இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க?"

"வெயிலு இந்தப் போடு போடுதேன்னு..."

"வாடாதுன்னு சொன்னேன்லா!"

"எங்கிட்ட சொன்ன. கைக்கு யாரு சொன்னா?"

மகள் பொன்மணி பையை எடுத்துக் கொடியில் தொங்கவிட்டாள். ஈரத்தின் கனத்தில் நூல் இழுபட்டு இழுபட்டு இறங்கியது. சாயங்காலம் காய்ந்தபோது ஒவ்வோர் இதழும் உள்ளங்கை அகலம். பையின் வயிறு ஒரு முழத்துக்குச் சரிந்திருந்தது.

"எம்மா, இப்பதான் பை மாதிரி இருக்கு! என் சார்ஜரு தாராளமாப் போகும்."

அதுவரை குற்றவாளியாக நின்ற துரைப்பாண்டி, உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். "கண்ணாடிக்கூடும் போகும் போலயே" என்றார். வெளியே எடுத்தபோது அது ஒரு புரவலரின் கையாகியிருந்தது.

ஞாயிறு காலை ராஜகுமாரி கட்டைப்பையை வீட்டிலேயே விட்டுவிட்டுக் காலிப் பூப்பையோடு கிளம்பினாள். ஆட்டோ தேரடி தாண்டும்வரை அது காலியாகவே இருந்தது. அந்த ஏழு நிமிடமும் அவள் அதை மடியில் வைத்து, ஒன்றுமில்லாத அதன் லேசை உணர்ந்துகொண்டே வந்தாள். தேரடி தாண்டியதும், "இந்தா, வீட்டுச் சாவி" என்றார் துரைப்பாண்டி. சாவி உள்ளே விழுந்தது. தொடர்ந்து கண்ணாடிக்கூடு விழுந்தது, மாத்திரை அட்டை விழுந்தது. மண்டப வாசலில் பொன்மணி, "எம்மா, பிடி" என்று சார்ஜரையும் பாட்டிலையும் திணித்தாள். பந்தியில் கொடுத்த வாழைப்பழங்கள்கூட எப்படியோ வந்து சேர்ந்திருந்தன.

மேடைக்கு அழைத்தார்கள். முதலில் பொன்னாடை, துரைப்பாண்டிக்கு.

"இந்தப் பூவத் தண்ணி தெளிச்சுக் காப்பாத்தினது நம்ம துரைப்பாண்டி!" என்றார் தலைவர். தண்ணீர் தெளித்தது வரைக்கும் அவர் தகவல் சரியாகத்தான் இருந்தது. பொன்னாடை மடிக்கப்பட்டுப் பைக்குள் போனது. கனம் தாங்காமல் ராஜகுமாரி தோள் மாற்றிக்கொண்டாள்.

ஞானதுரை பையைச் சுட்டிக்காட்டினார். மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டார்.

"நல்லாப் பாருங்க. இது வெறும் பை இல்ல. நம்ம வீட்டுப் பொம்பளையாளுகளோட மனசு! எம்புட்டு வச்சாலும் சரி, வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லாது!"

மண்டபம் அதிரக் கைதட்டல். தலைவர் பேச்சு எழுதியிருந்த தாளை நான்காக மடித்து, அதையும் பைக்குள் வைத்தார்.

அவர் சொன்னதில் எள்ளளவும் பொய்யில்லை. வேண்டாம் என்று அது இதுவரை சொன்னதே கிடையாது. வைக்கட்டுமா என்று அதை இதுவரை யாரும் கேட்டதும் கிடையாது.