பன்னிரண்டு மணிக்கு நிற்கும் அருவி

செயின்ட் ஒலிவ் தீவின் காட்சிகள் வாரியம் வழவழப்பான தாளில் ஒரு கையேடு போட்டிருந்தது. தீவுக்கு வருகிறவர்கள் தவறவிடக்கூடாத பத்து இடங்கள் அதில் இருந்தன. எரிமலை வாய், பழைய கோட்டை, ஆமை முட்டையிடும் கடற்கரை என்று போய், நான்காவது இடத்தில் மணமகள் முக்காடு அருவி. எண்பது அடி உயரத்திலிருந்து ஆண்டு முழுவதும் ஆரவாரத்துடன் விழும் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் படமும் உண்டு. படம் அக்டோபர் மாதம், ஒரு புயலுக்கு மறுநாள் எடுத்தது.

மோர்ன் பப்பாய் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த அருவிக்கு வைத்திருந்த பெயர் மூக்கொழுகி. மழைக்காலத்தில் நன்றாகவே கொட்டும், குறை சொல்ல முடியாது. ஜனவரி பிறந்து வெயில் ஏறிவிட்டால் பாறையில் ஈரக்கோடு ஒன்று மட்டும் இருக்கும். கப்பல் கப்பலாகச் சுற்றுலாக்காரர்கள் வந்து இறங்குவதும் சரியாக அந்த மாதங்களில்தான். வெயில் காயத்தானே வருகிறார்கள், மழையில் வருவார்களா?

ஒரு பிப்ரவரியில், எங்கோ பனி கொட்டும் ஊரிலிருந்து வந்த ஓர் அம்மாள் அருவிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வாரியத்துக்குக் கடிதம் எழுதினாள். அருவி விழவில்லை, எப்போது விழும் என்று தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தாள்.

வாரியம் அவசரமாகக் கூடியது. உதவி இயக்குநர் எவரார்ட் பிளென்மன், கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வேர்க்க வேர்க்க நிலைமையை விளக்கினார். கையேட்டில் அருவி விழுகிறது, தரையில் விழவில்லை. ஆகவே முரண்பாடு இருக்கிறது. கையேடு நாற்பதாயிரம் பிரதி அச்சாகிவிட்டது, திருத்த இயலாது. எஞ்சியிருப்பது அருவி ஒன்றே. அதைத் திருத்திவிடுவது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

திருத்தம் இரண்டே வாரத்தில் முடிந்தது. அந்தத் தீவில் எந்த வேலையும் அவ்வளவு சீக்கிரம் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. மோர்ன் பப்பாய் ஊருக்குக் குடிநீர் கொடுக்கும் தொட்டி மலைமேல் இருந்தது. அதிலிருந்து பாறை உச்சிக்கு ஒரு பெரிய குழாயை இழுத்தார்கள். காலை பத்து மணிக்குக் குழாயின் திருகைத் திறந்தால் மூன்று மணி வரை மணமகள் முக்காடு கையேட்டில் உள்ளபடி விழும். அதற்குள் தொட்டி வறண்டுவிடும். இரவெல்லாம் அதில் ஊறுகிற தண்ணீர் மறுநாள் அருவிக்கு வேண்டும். ஊர்க்குழாய்களில் காற்று வந்தது.

திருகைத் திறந்து மூட கஸ்பார் என்ற இளைஞனை வேலைக்கு வைத்தார்கள். பதவியின் பெயர் அருவி இயக்குநர். கட்டம் போட்ட மதராஸ் துணியில் ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். அந்தத் துணிக்கு அங்கே பெயரே மதராஸ்தான். தீவுக்காரர்கள் அதைத் தங்கள் தேசிய உடை என்று சத்தியம் செய்வார்கள்.

இதில் வயிறெரிந்தது யூலாலிக்கு. அருவிக்கு எதிர்வளைவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவள் அவள். இரண்டு மேசை, ஒரு பெரிய பானை. வாழைக்காயும் மாவுருண்டையும் போட்டு அவள் வைக்கும் மீன் சாற்றுக்கு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் வரும். ஊரில் பாதிப் பேர் அவளைத் தாந்தி, அதாவது அத்தை என்று கூப்பிடுவார்கள். மீதிப் பேர் அவளிடம் கடன் சொல்லிச் சாப்பிட்டதால் எதுவும் கூப்பிடாமல் தலைகுனிந்து போவார்கள்.

அவளுக்கு வந்த சங்கடம் சுகாதார ஆய்வாளர் லபாஸ்டீட் உருவத்தில் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து உரிமத்தைப் புதுப்பிப்பார். எப்போதும் நண்பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார், ஏனென்றால் சாறு கொதித்து இறங்கும் நேரம் அது. இந்த முறை வந்தவர் குழாயைத் திறந்தார். அது இருமியது. யூலாலி கடைக்குப் பின்னால் நிரப்பி வைத்திருந்த மூன்று பீப்பாய்களைக் காட்டினாள். கழுதை மேல் வைத்து ஆற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீர், சுத்தமானது. பீப்பாய்க்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்றார் லபாஸ்டீட். அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாகவும், அப்போது குழாயில் தண்ணீர் வராவிட்டால் கடையைப் பூட்ட நேரும் என்றும் வருத்தத்துடன் சொன்னார். வருத்தம் உண்மையானது. இரண்டு கிண்ணம் சாறு குடித்துவிட்டுத்தான் போனார்.

இருபத்திரண்டு வருடக் கடை. யூலாலிக்கு அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் நல்ல உடுப்பும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு, பேருந்து பிடித்துத் தலைநகருக்குப் போனாள். பிளென்மன் அவளை மரியாதையாக உட்கார வைத்தார்.

"உங்க ஊருக்கு எவ்வளவு பெரிய கௌரவம் கிடைச்சிருக்கு பாத்தீங்களா, மிஸ் யூலாலி? நாலாவது இடம்."

"கௌரவத்தை வச்சுப் பானை கழுவ முடியல ஐயா. எங்க குழாய்ல தண்ணி வரணும்."

"தண்ணி உங்க ஊர்லதானே இருக்கு? நாங்க ஒரு சொட்டுகூட வெளிய எடுத்துட்டுப் போகலியே. உங்க கண்ணு முன்னாடியே விழுது."

"அப்ப அதுல நாலு வாளி பிடிச்சுக்கட்டுமா?"

பிளென்மன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அருவியிலிருந்து தண்ணீர் எடுத்தால் அருவி குறையும், குறைந்தால் கையேட்டுடன் மறுபடி முரண்பாடு வரும் என்று பொறுமையாக விளக்கினார். மனுவை வாங்கி ஒரு முத்திரை குத்தினார். ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்படும், மழைக்காலம் தொடங்குவதற்குள் அது கூடும் என்றார். மழைக்காலத்தில் எனக்கு எதற்கு ஐயா குழு என்று கேட்டாள் அவள். அதற்கும் ஒரு மனு கொடுக்கலாம் என்றார் அவர்.

யூலாலிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ஊர் திரும்பியதும் நேராகக் கஸ்பாரைப் பிடித்தாள். அவன் தினமும் வேலை முடித்து அவள் கடையில்தான் சாப்பிடுவான்.

"வெள்ளிக்கிழமை பன்னண்டு மணிக்கு அரைமணி நேரம் திருகை ஊர்ப்பக்கம் திருப்பு."

"ஐயோ தாந்தி, அன்னிக்கு அமைச்சர் வராரு. ரெண்டு கப்பல் வருது. என் தொப்பி போயிடும்."

"தொப்பி போனா வெயில்தான் அடிக்கும். என் கடை போனா நீ எங்கடா சாப்பிடுவே? உங்க அம்மா கையிலயா?"

கஸ்பாரின் அம்மா சமையல் ஊரறிந்தது. அவன் யோசித்துப் பார்த்தான், தொப்பி சின்னதாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை நண்பகல். அருவிக்கு முன்னால் அறுநூறு சுற்றுலாக்காரர்கள் நின்றார்கள். முன்வரிசையில் அமைச்சர், பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு பிளென்மன். இயற்கையின் ஓயாத கொடை இது என்று அமைச்சர் பேசிக்கொண்டிருந்தபோது அருவி ஓய்ந்தது. சட்டென்று நிற்கவில்லை. மெலிந்து, இரண்டாகப் பிரிந்து, கடைசியாக நாலு சொட்டு விட்டுவிட்டு நின்றுபோனது. எதிர்வளைவில் யூலாலியின் குழாய் பீறிட்டது. லபாஸ்டீட் கட்டத்தில் குறி போட்டு, உரிமத்தைப் புதுப்பித்து, கிண்ணத்தை நீட்டினார்.

அறுநூறு பேரும் பாறையைப் பார்த்தார்கள். பிளென்மனின் முப்பது வருட அலுவலக அனுபவம் வீண்போகுமா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒலிபெருக்கியை வாங்கினார். உலகத்திலேயே தினமும் நண்பகலில் அரைமணி நேரம் ஓய்வெடுக்கும் ஒரே அருவி இதுதான், இதன் காரணத்தை விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று அறிவித்தார். கைதட்டல் மலையில் எதிரொலித்தது. சரியாகப் பன்னிரண்டரைக்கு அருவி மறுபடி விழுந்தபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அருவிகள் எங்கேதான் இல்லை, ஆனால் நிற்கும் அருவியை யார் பார்த்திருக்கிறார்கள்? அடுத்த கையேட்டில் அது முதல் இடத்துக்கு ஏறியது. "ஆண்டு முழுவதும் தினசரி பன்னிரண்டு மணிக்கு நிற்கும்" என்று தடித்த எழுத்தில் போட்டார்கள். இம்முறை எண்பதாயிரம் பிரதிகள். கஸ்பாருக்கு முதுநிலை அருவி இயக்குநராகப் பதவி உயர்வு கிடைத்தது. ஊருக்கு அரைமணி நேரம் தண்ணீர் கிடைத்தது, அதில் எல்லோரும் அண்டா குண்டாவெல்லாம் நிரப்பிக்கொண்டார்கள்.

அருவி நிற்பதைப் பார்க்கக் காத்திருப்பவர்களுக்குப் பசிக்கும். எதிரில் யூலாலி கடை. இரண்டு மேசை பதினொன்றாயிற்று. சுட்ட சீமைப்பலாவும் சேர்ந்துகொண்டது. "அருவி நிற்பது இங்கிருந்து நன்றாகத் தெரியும்" என்று அவளே ஒரு பலகை எழுதி மாட்டினாள். கடன் சொன்னவர்கள்கூடக் கிண்ணம் கழுவ வேலைக்கு வந்தார்கள். அவள் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தாள்.

மே கடைசியில் கப்பல்கள் போயின. முதல் மழை விழுந்தது. துணைக்குழுவும் ஒருவழியாகக் கூடி, மழைக்காலம் முழுவதும் குழாயை அருவியிலிருந்து துண்டித்து ஊருக்கு நாள் முழுவதும் தண்ணீர் தரலாம் என்று பரிந்துரைத்தது. யூலாலி கொடுத்த மனு ஜெயித்துவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று அவள் சாற்றுக்கு உப்புப் போட மறந்துபோனாள்.

கப்பல்கள் போனாலும் மலைப்பக்கத்து விடுதிகளில் சுற்றுலாக்காரர்கள் கொஞ்சம் பேர் தங்கியிருந்தார்கள், ஜீப் வைத்துக்கொண்டு அருவியைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். இயற்கைத் தண்ணீர் திருகுக்கு அடங்காது, அருவி நிற்காது. நிற்காத அருவியைப் பார்க்க ஜீப் எதற்கு வரும்? ஏற்கெனவே ஒரு தம்பதி வந்து இரண்டு மணி நேரம் மழையில் நின்று பார்த்துவிட்டு, அருவி நிற்கவில்லை, எப்போது நிற்கும் என்று வாரியத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள்.

யூலாலி மறுபடி மனு எழுதினாள். ஆண்டு முழுவதும் என்று கையேட்டில் இருப்பதால் மழைக்காலத்திலும் நண்பகலில் அருவியை நிறுத்தி ஊர் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது கோரிக்கை. முதல் கையெழுத்து அவளுடையது. ஜீப்காரர்கள், இளநீர் விற்பவன், தொப்பி போய்விடுமோ என்று பயந்த கஸ்பார் என்று ஊரே போட்டது. முதல் மனுவுக்கு மூன்று மாதம் எடுத்த வாரியம் இதற்கு அன்று மாலையே ஒப்புதல் கொடுத்தது. மக்கள் பங்கேற்புக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு என்று பிளென்மன் அமைச்சருக்குக் குறிப்பு எழுதினார்.

பாறை உச்சியில் ஓடைக்குக் குறுக்கே பலகைக் கதவு போட்டார்கள். பன்னிரண்டு மணிக்குக் கதவை மூடினால் அருவி நிற்கும். மூடினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கதவு போட்ட தச்சன் கேட்டான். இந்தக் கோப்பு அருவியைப் பற்றியது, தண்ணீர் போகும் திசை வடிகால் துறைக்கு உட்பட்டது என்று எழுத்தில் பதில் வந்தது. அவன் அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டான்.

சின்ன மழைகளுக்கு எதுவும் தெரியவில்லை. தெருவில் கொஞ்சம் சேறு, அவ்வளவுதான். ஆகஸ்டில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை மலையில் மண் சரிந்து ஊர்க்குழாயைப் பெயர்த்துக்கொண்டு போனது. அப்படியும் நண்பகலில் கஸ்பார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கதவை மூடினான். கையேட்டுக்கு மழை ஏது, வெயில் ஏது? மணமகள் முக்காடு அச்சடித்தபடி நின்றது. ஓடை இடதுபக்கம் திரும்பி, ஊர்த்தெருவைப் பிடித்து, யூலாலி கடையின் முன்வாசல் வழியாக நுழைந்தது.

அவள் அடுப்பு மேடை மேல் ஏறிப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மிதந்தன. கதவை மூடிவிட்டு ஓடிவந்த கஸ்பார் வாசலில் திகைத்து நின்றான்.

"எவன்டா இந்தத் தண்ணியைக் கேட்டது?" என்று கத்தினாள்.

"மனுவுல மொதல் கையெழுத்து உங்களோடதுதான் தாந்தி."

அப்போதுதான் லபாஸ்டீட் வந்தார். ஆறு மாதம் ஆகியிருந்தது, மணி பன்னிரண்டே கால். கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு, வழியில் மிதந்த நாற்காலியை மரியாதையாக ஒதுக்கிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் குழாய் வரை நடந்து போனார். திறந்தார். குழாய் இருமியது. மறுபடி திறந்து பார்த்தார்.

"ஐயா, இவ்வளவு தண்ணி இருக்கே," என்றாள் யூலாலி.

"இருக்கு. குழாய்ல இல்லியே, மிஸ் யூலாலி."

படிவத்தில் தண்ணீர் வசதி இல்லை என்று எழுதி, கடையை மூட உத்தரவில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு படிவப் புத்தகம் நனையாமல் ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கிண்ணத்தை நீட்டினார்.