மேற்குச் சுவர் வியர்த்த கதை

உலகத்திலேயே ஒரு வீட்டை விற்கக் கூடாத ஆள் யார் என்று கேட்டால், யோசிக்காமல் சுண்ணாம்பு நானாவைச் சொல்வேன். அவரிடம்தான் பக்கத்து வீட்டுக்காரர் கதவுத் திறப்பைக் கொடுத்து, விற்றுத் தரச் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனார்.

யுத்தம் முடிந்து புத்தளத்தில் எல்லோரும் காணி, வீடு என்று அலைந்த காலம். எங்கள் பக்கத்து வீடு ஒல்லாந்தர் காலத்தது. மேசன் வேலை செய்யும் நானா இரண்டு வருடம் சுண்ணாம்பில் குளித்து அதைப் புதுப்பித்திருந்தார். சீமெந்து என்ற சொல்லைக் கேட்டாலே காறித் துப்புவார். நோன்புப் பெருநாளைக்குள் விற்காவிட்டால் இடித்துக் கடை கட்டுவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நானாவின் வாய்க்குக் காவல் நான்.

முதலில் வந்த கொழும்பு முதலாளி, ஏ.சி. பூட்டச் சுவரில் ஓட்டை போடலாமா என்று கேட்டார்.

"முதல்ல என்ட நெஞ்சில போடுங்க சேர். பிறகு சுவருக்குப் போவம்."

சேர் வாசலுக்குப் போனார்.

அடுத்தவர் முந்தல் ஊரில் இறால் பண்ணை வைத்திருப்பவர். கல்யாணப் படம் மாட்டவென்று ஆணி அடித்துப் பார்த்தார். வளைந்தது. நானா சந்தோஷமாக இன்னொன்றை நீட்டினார். ஐந்தாவது ஆணியில் மனிதரின் பெருவிரல் நசுங்கியது.

"பாத்தீங்களா, சுவருக்கு ஒண்டும் ஆகல்ல" என்றார் நானா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நானா, பெருநாளைக்கு ஒரு கிழமைதான் இருக்கு. இடிக்கப் போறாங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. இனி வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்தார்.

மறுநாள் சிலாபத்திலிருந்து ஒரு டீச்சரும் கணவரும் வந்தார்கள். நானா ஊமையாகக் கதவுகளைத் திறந்து காட்டினார். டீச்சர் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"என்ன குளிர்ச்சி. இதுக்கு என்ன போட்டிருக்கிறீங்க?"

நானா என்னைப் பார்த்தார். பாவமாக இருந்தது, தலையாட்டினேன். அவ்வளவுதான். சிப்பிச் சுண்ணாம்பு, பனங்கட்டி, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு என்று ஒரு மணித்தியாலம் பொழிந்து தள்ளினார். கணவர் கதிரையில் தூங்கிப்போனார். டீச்சர் கடைசி வரை நின்று கேட்டுவிட்டு, "நாங்க எடுக்கிறம்" என்றார்.

திறப்பைக் கொடுத்த நானா பாதித் தெரு போய்த் திரும்பி வந்தார். "மாரியில இந்தச் சுவர் வியர்க்கும், டீச்சர். பயப்பட வேணாம். எனக்குப் போன்ல ஒரு கோல் எடுங்க."

மாரி வந்தது. சுவர் ஒரு சொட்டும் வியர்க்கவில்லை. நானா மட்டும் தினமும் குடையோடு அந்தத் தெருவால் போய்வந்தார். ஐந்தாம் நாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு ஒரு வாளித் தண்ணீரைத் தந்தார். சுவரை நன்றாக நனைத்த பிறகுதான் கோல் எடுத்தார்.

நானா ஓடி வந்தார். சுவரைத் தடவினார். நனைந்திருந்த என் இடுப்புச் சாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓம், வியர்த்துத்தான் இருக்கு" என்றார்.

ஒவ்வொரு மாரிக்கும் நான்தான் நனைக்கிறேன். நானா வராத மாரி எனக்கு வேண்டாம்.